சந்தேகத்தின் பலன் யாருக்கு?

சென்ற தவணையில் மேல் வகுப்பொன்றிலே சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஆராயாது தீர்ப்பளித்தான் பாண்டியன். அதுவே அவன் பிழை. கோவலன் கள்வன் என்பதற்குச் சான்று யாது, அவனிடம் விசாரணை நடந்ததா, பொற்கொல்லன் சொல்லை எவராவது நிறுத்துப் பார்த்தனரா என்றெல்லாம் மாணவர் வினவினர். குற்றம் ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கப்படும்வரை ஒருவனைக் குற்றவாளியெனக் கொள்ளலாகாது, சந்தேகத்தின் பலன் எதிரிக்கே உரியது என்னும் நீதிமன்ற நெறியை அவர்களுக்கு எடுத்துக் கூறினேன். வகுப்பு அதனை மகிழ்ந்து ஏற்றுக்கொண்டது.

பாடம் முடிந்தபின் மாணவி ஒருத்தி என் மேசையருகே வந்தாள். அவளுடைய கன்னங்கள் இரண்டும் சிவந்து, தோல் உரிந்திருந்தன. காரணம் கேட்டேன். மூன்று மாதமாக முகத்தை வெளுக்கவைக்கும் பூச்சொன்றைப் பூசுவதாகச் சொல்லிப் புத்தகப்பையிலிருந்து ஒரு சிறு டப்பாவை எடுத்துக் காட்டினாள். செய்தவர் முகவரி அதில் இல்லை. சேர்க்கப்பட்ட பொருள்கள் எவையென்ற விபரமும் இல்லை. பொன், வெள்ளி நகைகளிற் படவிடாதீர்கள் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி மாத்திரம் இருந்தது. உடனே நிறுத்திவிடு என்றேன். அவள் பணிவோடுதான் கேட்டாள்: “ரீச்சர், கூடாததெண்டால் கடையில விப்பினமோ? இதில நஞ்சு இருக்கெண்டு ஆரும் நிரூபிச்சிருக்கினமோ? சந்தேகத்தின்ர பலனை இதுக்கும் குடுக்கத்தானே வேணும்?”

குறும்பாகக் கேட்கிறாள் என்றே முதலில் எண்ணினேன். ஆனால் நான் கற்பித்த நெறியையே எடுத்து அவள் என் முன் வைத்திருந்தாள். வைத்தியரிடம் காட்டும்படி தாயாருக்குச் சொல்லியனுப்பியதோடு அன்று நின்றுவிட்டேன். கேள்விக்கு விடை சொல்லும் கடன் மீந்தது. அது அம் மாணவிக்கு மாத்திரம் உரிய கேள்வியன்று. நாள் விடிந்து வேலைக்குப் புறப்படுமுன் ஓர் உழைப்பாளி பற்பசை, சவர்க்காரம், தலைக்குப் பூசும் எண்ணெய், முகமாவு என எத்தனையோ பண்டங்களைத் தன் உடலில் இடுகின்றார். அவை எவற்றால் ஆயவை என்பதை அவர் அறியார். அறியாமலே நம்புகின்றார். அந்த நம்பிக்கையை எவர், எந்த உரிமையோடு பெற்றுக்கொள்கின்றனர் என்பதே ஈண்டு நாம் ஆராயவேண்டிய விடயம்.

முதலில் அந்தப் பூச்சினைப் பற்றிச் சில சொற்கள். நகைகளிற் படவிடலாகாது என்னும் எச்சரிக்கை வீணாக எழுதப்படுவதில்லை. பாதரசம் பொன்னோடும் வெள்ளியோடும் சேர்ந்து கலவையாகும் இயல்புடையது. நகை செய்யும் தட்டார் இதனை நன்கறிவர். உலக சுகாதார நிறுவனமும் இத்தகைய எச்சரிக்கையைப் பாதரசம் இருக்கக்கூடும் என்பதற்கு ஓர் அடையாளமாகக் குறிப்பிட்டிருக்கின்றது. நம் தோலுக்குக் கருமை தருவது மெலனின் என்னும் நிறப்பொருள். பாதரச உப்புக்கள் அது உருவாவதைத் தடுக்கின்றன; சில வாரங்களில் முகம் வெளிறுகின்றது; வாங்கியவர் கைமேற் பயன் கண்டதாக மகிழ்கின்றார். அதே பாதரசம் தோல்வழியே உட்புகுந்து சிறுநீரகங்களைத் தாக்குகின்றது. நரம்புத் தொகுதியையும் பாதிக்கின்றது. ஆவியாகி வீட்டுக் காற்றிற் கலப்பதாலும் துணிகளில் ஒட்டிக்கொள்வதாலும், ஒருபோதும் அதனைப் பூசாத கைக்குழந்தைக்கும் அதில் ஒரு பங்கு போய்ச் சேருகின்றது.

பாதரசத்தைக் கட்டுப்படுத்துவதற்கென 2013ஆம் ஆண்டில் ஏற்றுக்கொள்ளப்பட்ட மினமாட்டா உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டில் இலங்கையும் அதில் இணைந்துகொண்டது. பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேற் பாதரசங் கொண்ட அழகுசாதனப் பொருள்களைச் செய்வதையும் நாடுவிட்டு நாடு அனுப்புவதையும் 2020ஆம் ஆண்டோடு முடித்துவிட வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. 2023இல் ஜெனீவாவிற் கூடிய மாநாடு அந்தச் சிறு சலுகையையும் நீக்கி, பாதரசம் சேர்த்த அழகுசாதனம் எதுவாயினும் 2025உடன் ஒழியவேண்டும் எனத் தீர்மானித்தது. எனினும் பழைய எல்லையை ஆயிரம் மடங்குக்கு மேலாக மீறிய பூச்சுக்கள் பல நாட்டுச் சந்தைகளில் மீண்டும் மீண்டும் பிடிபட்டிருக்கின்றன. ஆகவே, “கூடாததெண்டால் கடையில விப்பினமோ?” என்ற முதற் கேள்விக்கு விடை எளிது. விற்பார்கள். தடைசெய்யப்பட்டதையும் விற்பார்கள்.

இரண்டாவது கேள்வியே கடினமானது. சந்தேகத்தின் பலனை அந்தப் பூச்சுக்கு அளிப்பதா, அதனைப் பூசும் பெண்ணுக்கு அளிப்பதா?

இதற்கு விடை காண்பதற்கு, அந்நெறி ஏன் தோன்றிற்று என்பதை நோக்குதல் வேண்டும். குற்றஞ் சாட்டப்பட்டவன் தனியன். அவனுக்கெதிரே நிற்பது அரசு. பொலிசும் சிறையும் அதன் கையில் இருக்கின்றன. தவறாகத் தண்டிக்கப்பட்டவனுக்கு இழந்த வாழ்நாளைத் திருப்பிக் கொடுக்க எந்த நீதிமன்றத்தாலும் இயலாது. கோவலன் வெட்டுண்டபின் பாண்டியன் உணர்ந்து என்ன பயன்? வலியோன் மெலியோனை மீளவியலாத் தீங்குக்கு உட்படுத்தாதிருக்க வேண்டுமானால், ஐயத்தின் பாரத்தை வலியோன் தலையில் ஏற்றவேண்டும். அந்நெறியின் உயிர் இதுவே.

அவ்வாறாயின், கடைத்தட்டில் இருக்கும் பண்டத்துக்கும் அதனை வாங்கும் மனிதருக்குமிடையே மெலியோர் யார்? ஒரு பூச்சின்மேற் பொய்யாக ஐயங் கொண்டோமாயின் ஒரு வியாபாரி சில காலம் இலாபத்தை இழப்பார். அதனைப் பொய்யாக நம்பினோமாயின் ஒரு பெண் தன் சிறுநீரகத்தை இழக்கலாம். முன்னையது ஈடுசெய்யக்கூடிய இழப்பு, பின்னையது அத்தகையதன்று. பண்டத்துக்கு உடல் இல்லை, வாழ்நாள் இல்லை, மானமும் இல்லை. மனிதரைக் காப்பதற்காக மனிதர் வகுத்த நெறியைப் பண்டத்துக்கு வழங்கும்போது, அந்நெறியின் சொற்களை வைத்துக்கொண்டு அதன் காரணத்தைக் கைவிட்டவர்களாகின்றோம். அதே காரணத்தைப் பற்றி நின்று நோக்கினால், இங்கே சந்தேகத்தின் பலன் வாங்குபவருக்கே உரியது. தீங்கில்லை என்று காட்டும் பாரம் விற்பவரைச் சார்ந்தது.

இது நியாயமெனப் படினும், உலகம் நீண்ட காலம் இதற்கு நேர்மாறாகவே நடந்து வந்துள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் 1933ஆம் ஆண்டளவில் ‘லாஷ் லூர்’ என்ற பெயரில் கண்ணிமை மயிருக்கு இடும் சாயமொன்று விற்கப்பட்டது. நிலக்கரித்தாரிலிருந்து பெறப்படும் சாயப்பொருளொன்று அதில் இருந்தது. அதனைப் பயன்படுத்திய பெண்கள் பலர் கடுமையாகத் துன்புற்றனர். சிலர் பார்வையை இழந்தனர். அப்பொழுது அந்நாட்டிலிருந்த சட்டம் உணவையும் மருந்தையும் பற்றியது. அழகுசாதனங்களை அது தீண்டவில்லை. 1938இல் புதிய சட்டம் வந்தது. ஆயினும் விற்பனைக்கு முன்னர் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்ற கட்டாயத்தை அச்சட்டம் அழகுசாதன உற்பத்தியாளர்மீது சுமத்தவில்லை. நிலக்கரித்தார்ச் சாயங் கலந்த தலைமயிர்ச் சாயங்களுக்கு விலக்கும் அளிக்கப்பட்டது. எச்சரிக்கை ஒன்றை அச்சிட்டு ஒட்டினாற் போதும். தீங்கு தரும் அழகுசாதனத்தைச் சந்தையிலிருந்து மீளப்பெறும்படி கட்டளையிடும் அதிகாரம் அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகத்துக்கு 2022ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே கிடைத்தது. இடையிற் கழிந்த காலம் எண்பத்து நான்கு ஆண்டுகள்.

பிரான்சில் 1972இல் நிகழ்ந்தது இன்னுங் கொடியது. குழந்தைகளுக்கு இடும் ‘மொராஞ்சு’ என்னும் முகமாவிலே ஹெக்ஸகுளோரோபீன் என்ற கிருமிகொல்லி ஆறு சத வீதத்துக்கு மேற் கலந்துவிட்டது. மாவை ஆயத்தஞ் செய்த இடத்தில் நேர்ந்த தவறு அது. இப்பொருள் குழந்தையின் மென்தோலை ஊடுருவி நரம்புத் தொகுதியைத் தாக்கவல்லது. இருநூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டன. 36 குழந்தைகள் இறந்தன. தாய்மார் அன்போடு இட்ட மாவே நஞ்சாயிற்று. எத்தனை கவனமுள்ள தாயாயினும் அதனை எவ்வாறு அறிந்திருக்க முடியும்? டப்பாவில் அப்பொருளின் பெயரே இருக்கவில்லை.

தவறுதலாக நேர்ந்ததை மன்னிக்கலாம் என்போர், அறிந்தும் சொல்லாதிருந்ததை என்னென்பர்? முகமாவுக்கு மூலப்பொருளான தல்கு என்னும் கனியம் நிலத்தினுள்ளே பல இடங்களிற் கல்நாரின் அருகே கிடப்பது. ஆதலால் ஒன்று மற்றொன்றிற் கலக்கக்கூடும். கல்நார் புற்றுநோய் விளைப்பது என்பது ஐயத்துக்கு அப்பாற்பட்ட உண்மை. ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனத்தின் தல்கிலும் மாவிலும் 1971 தொடக்கம் 2000ஆம் ஆண்டுகளின் முற்பகுதிவரை நடந்த சில பரிசோதனைகளிற் சிறிதளவு கல்நார் காணப்பட்டதாகவும், அந்நிறுவனம் அதனை அதிகாரிகளுக்கு அறிவிக்கத் தவறியதாகவும் 2018 டிசெம்பரில் ரொய்ட்டர் செய்தி நிறுவனம் ஆவணங்களைக் கொண்டு வெளியிட்டது. நிறுவனம் இதனை மறுத்தது. தன் மாவு பாதுகாப்பானது என்றே இன்றும் சொல்கின்றது. நாம் இங்கே நீதிபதிகளாகத் தீர்ப்பெழுதப் புகவில்லை. ஆயினும் ஒன்றை நோக்குக. தல்கிலான குழந்தை மாவை ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் விற்பதை அந்நிறுவனம் 2020இல் நிறுத்துவதாக அறிவித்தது. தவறான தகவல்களால் விற்பனை குன்றியதே காரணம் என்றது. உலகின் ஏனைய நாடுகளில் அது நிறுத்தப்பட்டது 2023இல். இடைப்பட்ட மூன்றாண்டுகளும் ஆசியக் குழந்தைகளுக்கும் ஆபிரிக்கக் குழந்தைகளுக்கும் அதே மாவு போதுமானதாயிருந்தது. வழக்குத் தொடுக்கும் வசதி படைத்தோரின் சந்தேகம் எடுபட்டது. ஏனையோரின் உடல் காத்திருந்தது. 2024இல் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச முகவராண்மை, தல்கு ‘அநேகமாகப் புற்றுநோய் விளைக்கக்கூடியது’ என வகைப்படுத்தியது.

இங்கே அறிவு யாருடைய உடைமை என்ற கேள்வி எழுகின்றது. உற்பத்திச் சாதனங்களின் உடைமையைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கின்றோம். சான்றுகளின் உடைமையைப் பற்றிப் பேசியது குறைவு. மினமாட்டா என்ற பெயரே இதற்குச் சாட்சி. யப்பானின் அந்தக் கடலோர ஊரில், சிசோ கம்பனியின் தொழிற்சாலைக் கழிவிலிருந்த மெதைல் பாதரசம் மீன்களுக்கூடாக மீனவர் குடும்பங்களைப் பற்றிக்கொண்டது. அது முகப்பூச்சிலுள்ள பாதரச உப்பினும் வேறான, மிகக் கொடிய வடிவம். நோய் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது 1956இல். கம்பனி வைத்தியசாலையின் வைத்தியராகிய ஹொசொகாவா, தொழிற்சாலைக் கழிவுநீரை உணவிற் கலந்து பூனையொன்றுக்குக் கொடுத்துப் பார்த்தார். 400ஆம் இலக்கமிடப்பட்ட அப்பூனை 1959 ஒக்டோபரில் அதே நோய்க்கு ஆளாயிற்று. கம்பனி அம்முடிவை வெளிவர விடவில்லை. அதே ஆண்டு டிசெம்பரில் நோயாளரோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. அனுதாபப் பணம் வழங்கப்படும். தொழிற்சாலையே காரணமெனப் பின்னர் நிரூபிக்கப்பட்டாலும் மேலும் நட்டஈடு கேட்கலாகாது என்பது அதன் நிபந்தனை. நிரூபணம் தன் பெட்டியிலே பூட்டப்பட்டிருக்க, நிரூபணம் எங்கே என்று ஏழைகளைக் கேட்டது கம்பனி. கழிவு கடலிற் கலப்பது 1968வரை நீடித்தது. 1973இல் நீதிமன்றம் அவ்வுடன்பாட்டைப் பொது ஒழுக்கத்துக்கு மாறானதெனத் தள்ளியது.

‘நிரூபிக்கப்படவில்லை’ என்னும் சொல்லை நாம் எவ்வளவு விழிப்போடு கேட்கவேண்டும் என்பதை இது காட்டும். ஆராய்ந்து பார்த்துத் தீங்கு காணப்படவில்லை என்பதும், எவரும் ஆராயவேயில்லை என்பதும், ஆராய்ந்தவர் மறைத்துவிட்டார் என்பதும் ஆகிய மூன்றும் அந்த ஒரே சொல்லின் பின்னால் ஒளிந்து நிற்கக்கூடும்.

இவ்விடத்தில் நேர்மையான மறுப்பொன்றுக்கு முகங்கொடுத்தே ஆகவேண்டும். தீங்கே இல்லை என்று எதையேனும் முற்றாக நிரூபிக்க முடியுமா? நீரும் அளவுக்கு மிஞ்சினாற் கொல்லும். நஞ்சும் மருந்தும் அளவினாலே வேறுபடுவன. ஐயம் ஒன்றே போதுமெனக் கொண்டால், எந்தப் பண்டமும் மிஞ்சாது. அச்சமே ஒரு வியாபாரமாகிவிடும். இது வெறும் கற்பனையன்று. 2004இல் இங்கிலாந்திலே மார்புப் புற்றுக்கட்டிகள் இருபதை ஆராய்ந்தவர்கள் அவற்றிற் பரபென் என்னும் பதன்காப்புப் பொருள்கள் இருப்பதைக் கண்டனர். புற்றுநோயை அவையே விளைத்தன என்று அவ்வாய்வு காட்டவில்லை. நோயற்ற இழையத்தோடு அது ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. எனினும் அச்சம் பரவியது. ‘பரபென் அற்றது’ என்ற வாசகத்தை அச்சிட்டு அதையே விற்பனைத் தந்திரமாக்கினர் உற்பத்தியாளர். பதன்காப்புப் பொருளின்றிப் பூச்சுக்களிற் கிருமிகள் வளரும். ஆகவே வேறொன்றைத் தேடினர். பரவலாகப் பயன்பட்டவற்றுள் மெதைல் ஐசோதயசொலினோன் ஒன்று. அது ஐரோப்பாவெங்கும் தோல் ஒவ்வாமையைப் பெருகச் செய்தது. கழுவாது விடும் பூச்சுக்களில் அதனைச் சேர்க்கலாகாதெனப் பின்னர் ஐரோப்பிய ஒன்றியம் தடைவிதிக்க நேர்ந்தது. பரபென்களிலும் ஐந்தினை 2014இல் அவ்வொன்றியம் தடைசெய்தது. ஏனைய சிலவற்றுக்கு அளவு விதித்தது. பெயரைக் கேட்டே அஞ்சாது ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்கும் வழி அது.

‘இயற்கைக்குத் திரும்புவோம்’ என்போரின் மருந்தும் இதனினும் மேலானதன்று. வேப்பங்குச்சியும் அரப்பும் சீயாக்காயும் நம் பாட்டிமார் கண்ட நல்ல பொருள்கள். அதனை எவரும் மறுக்கவில்லை. ஆனால் சாதிலிங்கமும் மண்ணிலிருந்து தோண்டியெடுக்கப்படுவதே. அது பாதரசத்தின் தாது. தென்னாசியாவிலும் மேற்காசியாவிலும் கண்ணுக்குத் தீட்டப்படும் சுர்மாவிற் பலவேளை காணப்படும் கருங்கல் ஈயத்தின் தாது. அதனைக் குழந்தையின் கண்ணில் இட்டவர்கள் பன்னூறாண்டு மரபைப் பின்பற்றியவர்களே. பழமையும் இயற்கையும் சான்றாகா. விஞ்ஞானத்தை வியாபாரி தன் வசதிக்கு வளைத்துக்கொள்கின்றான் என்பதற்காக விஞ்ஞானத்தையே கைவிடுவது, பொய்ச் சாட்சிக்கு அஞ்சி நீதிமன்றத்தையே இடித்துவிடுவதை ஒக்கும். சவர்க்காரமிட்டுக் கைகழுவும் எளிய பழக்கம் எத்தனை குழந்தைகளை வயிற்றோட்டத்திலிருந்து காக்கின்றது! புளோரைட்டுச் சேர்த்த பற்பசை பற்சொத்தையைத் தடுக்கின்றது. இவையும் இரசாயனத்தின் கொடைகளே.

ஆகவே, ‘முற்றான பாதுகாப்பு’ என்ற எட்டாக்கனியை நாம் கேட்கவில்லை. நாம் கேட்பது இரண்டு: இப்பொருளை மனித உடலில் இடுவதற்குமுன் நியாயமான சோதனை நடந்ததா? இதனால் வரும் நன்மை, இதனாற் கூடிய இடருக்கு ஈடாகுமா? ஐக்கிய அமெரிக்க நிர்வாகம் ‘கிருமிகொல்லிச் சவர்க்காரம்’ செய்வோரிடம் ஒருமுறை இவ்வாறே கேட்டது: ரைக்குளோசன் முதலியவற்றை நாள்தோறும் பயன்படுத்துவது பாதுகாப்பானது என்பதையும், சாதாரண சவர்க்காரமும் நீரும் தருவதைவிட அது மேலான பயன் தருகின்றது என்பதையும் நீங்களே காட்டுங்கள். அவர்களாற் போதிய சான்று காட்ட இயலவில்லை. 2016இல் 19 பொருள்கள் பொதுமக்களுக்கான அத்தகைய சவர்க்காரங்களிலிருந்து விலக்கப்பட்டன. 1970களிலே தொடங்கிய விசாரணை அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 தொடக்கம் நடைமுறையிலுள்ள விதியும், சந்தைக்கு விடுமுன்னரே ஒவ்வொரு அழகுசாதனத்துக்கும் பாதுகாப்பு அறிக்கை ஆயத்தமாயிருக்க வேண்டுமென்றும், அதற்குப் பொறுப்பாளி ஒருவர் இருக்கவேண்டுமென்றும் வற்புறுத்துகின்றது. பாரத்தை மாற்றி ஏற்றுவது நடவாத காரியம் என்போருக்கு இவை மறுமொழியாகும்.

‘பொருள் விபரத்தை அச்சிட்டுவிட்டோம், படித்து வாங்குவது பாவனையாளர் கடமை’ என்பர் இன்னுஞ் சிலர். சுதந்திரமான தெரிவு என்பது கேட்க இனிய சொல். ஆனால் கடுகினும் சிறிய எழுத்தில், அந்நிய மொழியில், இரசாயனம் கற்றோரும் தடுமாறும் பெயர்களை அச்சிட்டு வைத்துவிட்டுத் தோட்டத்திற் கொழுந்து பறித்துக் களைத்து வரும் பெண்ணிடம் ‘நீ படித்துப் பார்த்திருக்கலாமே’ என்பது எவ்வகை அறம்? விலை குறைந்ததே அவள் கைக்கு எட்டுவது. பெயர் விபரம் வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் வேண்டும். எனினும் அது பொறுப்பைப் பகிர்ந்தளிக்கும் கருவியாக வேண்டுமேயன்றிப் பொறுப்பைக் கைகழுவும் கருவியாகிவிடக் கூடாது.

இதுகாறும் வாங்குவோரைப் பற்றியே பேசினோம். பாவனையாளர் நலம் என்ற பேச்சு பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகின்றது. நமது நோக்கு இவ்வளவிற் சுருங்கலாகாது. தலைமயிர்ச் சாயங்களைத் தாமே பயன்படுத்துவோர் விடயத்தில் புற்றுநோய் பற்றி முடிவு கூறப் போதிய சான்றில்லை என்று கூறிய அதே சர்வதேச முகவராண்மை, சிகையலங்காரத் தொழிலாளர் தம் தொழிலில் எதிர்கொள்வது ‘அநேகமாகப் புற்றுநோய் விளைக்கக்கூடியது’ என 2010இல் வெளியான தொகுதியில் வகைப்படுத்தியது. மாதம் ஒருமுறை சாயமிடுபவருக்கும், நாள் முழுதும் சாயத்திற் கை நனைப்பவருக்குமுள்ள வேறுபாடு இது. சாதியின் பெயரால் இழிவு சுமத்தப்பட்ட ஒரு தொழிலில், இரசாயனத்தின் சுமையும் சேர்ந்துவிடுகின்றது. முகப்பூச்சுக்களுக்கு மினுக்கந் தரும் காக்காப்பொன்னை இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்திலே, அனுமதியற்ற குழிகளில் இறங்கிச் சிறுவர் பொறுக்கியெடுத்திருக்கின்றனர். குழி சரிந்து மாண்டோரும் உளர். முன்சொன்ன ஹெக்ஸகுளோரோபீன் செய்வதற்குரிய பொருளை உற்பத்திசெய்த ஆலையிலேதான் 1976 யூலை 10ஆம் நாள் விபத்து நேர்ந்து, இத்தாலியின் செவேசோ ஊர்மீது டயொக்சின் நஞ்சு படிந்தது. ‘பாதுகாப்பானது’ என்று ஒரு பண்டத்தின்மேல் எழுதுமுன், எவருக்குப் பாதுகாப்பானது என்று கேட்கவேண்டும். தோண்டியவர், கலந்தவர், பூசிவிட்டவர், பூசிக்கொண்டவர் ஆகிய அனைவருடைய உடலும் அக்கணக்கில் வரவேண்டும்.

இறுதியாக, அந்த மாணவி ஏன் அந்தப் பூச்சை நாடினாள் என்பதை எண்ணாது இவ்வாராய்ச்சியை முடிப்பது நேர்மையாகாது. நாளிதழ்களின் ‘மணமகள் தேவை’ப் பத்திகளில் நல்ல நிறம், சிவந்த நிறம் என்ற சொற்களைப் பாருங்கள். அந்நியராட்சி வெள்ளைத் தோலை அதிகாரத்தின் அடையாளமாக்கிற்று. சாதியும் சீதனமும் அதற்கு உள்ளூர் விலை குறித்தன. விளம்பரம் அந்த விலையைத் தவணை முறையில் அறவிடுகின்றது. நம் பழந்தமிழ்ப் புலவருக்கோ மாமை என்பது பெண்ணின் அழகு. மாந்தளிரின் நிறம் அது. பிரிவுத் துயரால் உடல் வெளிறுவதைப் பசலை என்றனர். அதனை நோயென்றே கருதினர். இன்று அந்த வெளிறலையே விலைகொடுத்து வாங்குகின்றோம். பாதரசத்தைத் தடைசெய்து, பாதரசமற்ற வேறொரு வெளுப்புப் பூச்சைக் கடையில் வைத்துவிட்டால் உடலின் நோய் தீரலாம். ஒரு பிள்ளை தன் முகத்தைக் கண்ணாடியிற் கண்டு வெட்கும் நோய் தீராது.

மறுவாரம் அவளைக் கண்டபோது என் விடையைச் சுருக்கமாகச் சொன்னேன். “நீ கேட்டது சரியான கேள்வி, பிள்ளை. சந்தேகத்தின் பலன் மெலிந்தவருக்கு உரியது. அந்த டப்பாவுக்கும் உனக்கும் இடையில நீதான் மெலிந்தவள். அதனாலே அது உனக்குரியது.” அவள் சற்றுநேரம் பேசாதிருந்தாள். வைத்தியர் சிறுநீர் பரிசோதிக்கச் சொல்லியிருப்பதாகவும், முடிவு இன்னும் வரவில்லை எனவும் கூறினாள். பிறகு, “என்ர தங்கச்சியும் அதைத்தான் பூசினவள், ரீச்சர்” என்றாள்.

அந்த டப்பாவைச் செய்தவர் யார் என்பது இன்னுந் தெரியாது. சந்தையில் விற்பனைக்கு வரும் பூச்சுக்களைத் தாமாகவே எடுத்துச் சோதித்து முடிவுகளை ஊரறிய மும்மொழியிலும் வெளியிடும் பொது ஆய்வுகூடம், சோதனைச் சான்றுகளைப் பூட்டி வைப்பதைக் குற்றமாக்கும் சட்டம், அச்சட்டம் ஏட்டிலே உறங்காது காக்கும் மக்கள் அமைப்பு ஆகியவற்றைத் தனியொருவர் எச்சரிக்கையாயிருந்து பெறமுடியாது; சேர்ந்து கேட்டே பெறவேண்டும். ஆசிரியர் சங்கங்களும் மாணவர் மன்றங்களும் தம் கோரிக்கைகளுள் இதற்கும் ஓரிடம் அளித்தல் தகும். அதுவரையில், நம் வகுப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளையும் தன் பையில் என்ன வைத்திருக்கிறாள் என்பதைக் கடிந்து கேட்காமல், அருகிருந்து கேட்டறிவது நம்முடைய பொறுப்பு. எங்கள் பாடசாலையில் நான் கேட்கத் தொடங்கியபின், அதே டப்பாக்கள் மேலும் நான்கு என் மேசைக்கு வந்திருக்கின்றன.